ஒரு தோளுக்கு அளவெடுத்த துவக்கு

காடும் கருவியும் – 7

கடந்த வாரம் ஏறாவூர்ப் பணிக்கர்களைப் பார்த்தோம். தோலில் திரித்த கயிறு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாமல், காற்று வீசும் திசை பார்த்து, யானையின் பின்னால் கால்நடையாகப் போய்ப் பின்னங்காலில் சுருக்கிட்டவர்கள் அவர்கள். அதே காலத்தில் அதே காட்டுக்குள் இன்னொரு கூட்டமும் நுழைந்தது. அவர்கள் யானையைப் பிடிக்க வரவில்லை, சுட வந்தார்கள். அவர்கள் கையிலிருந்த துவக்கைப் பற்றியது இந்த வாரம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் வாவியை ஒட்டித் தன்னாமுனை வரும். அதைத் தாண்டினால் மயிலம்பாவெளி, பிறகு ஏறாவூர். தன்னாமுனைக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வாவிக்கு அப்பால் படுவான்கரை. வயலும் குளமும் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அந்தக் காடும் புல்வெளியும் ஊவா மலையடிவாரம் வரை பரந்து கிடந்தன. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அந்தப் புல்வெளிப் பகுதிக்கு 'பார்க்' என்று பெயரிட்டு, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வேட்டைக்குப் புறப்பட்டார்கள்.

அவர்களில் எழுதி வைத்துவிட்டுப் போனவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, 1855 வரை இலங்கையில் இருந்தவர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் புகழ்பெற்றவரும் இவர்தான். தன் இலங்கை வேட்டைத் துவக்குகளின் எடையை அவர் கணக்காகச் சொல்லியிருக்கிறார். 4 அவுன்சுக் குண்டு போடும் ஒற்றைக்குழல் ரைபிள் 21 இறாத்தல். 2 அவுன்சு ரைபிள் 16 இறாத்தல். 10ஆம் நம்பர் இரட்டைக்குழல் ரைபிள்கள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். எல்லாமாக 97 இறாத்தல். ஏறத்தாழ 44 கிலோ.

இதில் பெரியது பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் 1840இல் செய்து கொடுத்தது. ஒரு தடவைக்கு அது விழுங்கிய வெடிமருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்சு. அந்தக் காலத்துக் கரிமருந்தில் வேகம் குறைவு. வேகத்தால் வராத பலத்தை எடையால்தான் ஈடுகட்ட வேண்டும். குண்டின் எடை கூடினால் துவக்கின் எடையும் கூட வேண்டும், இல்லாவிட்டால் சுடுபவரின் தோள் தாங்காது.

எல்லாம் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துவக்குகள். ஒரு வெடி வைத்தால் மறுபடி மருந்து இடித்துக் குண்டு இறக்க நேரம் பிடிக்கும். யானை அதுவரை காத்திருக்காது. ஆகவே துரை சுட்டதும் அடுத்த துவக்கை அவர் கையில் கொடுக்க ஆட்கள் பின்னால் நின்றார்கள். அந்த ஆட்கள் உள்ளூர்க்காரர். யானை பாய்ந்து வரும்போது அவர்களில் ஒருவர் ஓடினால் துரையின் அடுத்த வெடியும் அவரோடு ஓடியது. நல்ல துவக்கு என்று பிற்காலத்தில் பெயரெடுத்ததெல்லாம் இந்தச் சிக்கலைத் தீர்த்த துவக்குகள்தான். அடுத்த வெடி ஆளின் கையில் இல்லாமல் துவக்குக்குள்ளேயே இருக்க வேண்டும்.

புகையிலைக் கடையிலிருந்து

அந்தச் சிக்கலைத் தீர்த்த பெயர்களில் முதல் வரிசையில் இருப்பது லண்டன் 'ஹொலண்ட் அன் ஹொலண்ட்'. 1835இல் ஹாரிஸ் ஹொலண்ட் என்ற புகையிலை வியாபாரி தொடங்கியது. குறி பார்த்துச் சுடுவதில் அவருக்கிருந்த ஆசை தொழிலாக மாறியது. பிள்ளை இல்லாத அவர் தன் உடன்பிறந்தாரின் மகன் ஹென்றியைத் தொழிலுக்குள் எடுத்தார். 1876இல் இருவர் பெயரும் பலகையில் ஏறின.

இலங்கையை விட்டுப் போன பேக்கர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோன ஒரு துவக்கு இந்த ஹொலண்ட் கடையில் செய்தது. அரை இறாத்தல் எடையுள்ள வெடிகுண்டை அது கக்கியது. அதற்குப் பேக்கர் வைத்த செல்லப் பெயர் 'பேபி'. அவருடன் போன அரபியர் அதைப் 'பீரங்கியின் பிள்ளை' என்றார்கள். சுட்டால் சுடுபவரையே சுழற்றிவிடும் உதை அதற்கு. அதைச் சுடத் தானே அஞ்சியதாகவும், ஆனால் சுட்ட ஒருமுறைகூட விலங்கு தப்பியதில்லை என்றும் பேக்கர் எழுதுகிறார்.

1883இல் லண்டனில் 'த ஃபீல்ட்' இதழ் நடத்திய ரைபிள் போட்டியில் எல்லாப் பிரிவுகளிலும் ஹொலண்ட் முதலிடம் பெற்றது. 1885இல் 'ரோயல்' என்ற பெயரைத் தன் உயர்தரத் துவக்குகளுக்கு வைத்துக்கொண்டது. இந்திய மகாராஜாக்களின் ஆயுத அறைகளுக்குள் இந்தப் பெயர் நுழைந்த காலம் அது. 1912இல் வந்த .375 மெக்னம் தோட்டா இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளைச் சுட அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச அளவே அதுதான்.

கம்பனியின் கைகள் மட்டும் மாறின. 1989இல் பிரான்சின் வாசனைத் திரவியப் பெயரான ஷனெல் வாங்கியது. 2021இல் இத்தாலியின் பெரெட்டா குழுமத்துக்குப் போனது.

நிறைகள்

இந்தக் கடையின் பேர்போன சரக்கு இரட்டைக்குழல் ரைபிள். அது ஒரே பிடங்கில் பொருத்திய இரண்டு துவக்கு என்று சொன்னால் மிகையில்லை. குழல் இரண்டு, விசை இரண்டு, உள்ளே வெடிக்க வைக்கும் பொறியும் இரண்டு. ஒரு பொறியின் வில் உடைந்தாலும், ஒரு தோட்டா ஈரம் பட்டு வெடிக்காமல் போனாலும், மற்றது தயாராக இருக்கும். விரலை ஒரு விசையிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தினால் போதும், இரண்டாவது வெடி. மற்ற ரைபிள்களைப் போல் பொறியை இழுத்துத் தள்ளும் வேலையும் சத்தமும் இல்லை. இருபது முழத்தில் காயம்பட்ட யானை திரும்பும்போது அந்த அரைச் செக்கன்தான் உயிர்.

இரண்டாவது நிறை நீளம். பின்னால் இழுத்துத் தள்ளும் பொறி கிடையாது. ஆகவே அதே நீளக் குழலோடு முழுத் துவக்கும் குறுகிவிடுகிறது. பற்றைக்காட்டில், கொடிகள் முகத்தில் அடிக்கும் ஒற்றையடிப் பாதையில், நான்கு விரற்கடை குறைந்தாலும் பெரிய உதவி.

மூன்றாவது அளவு. வாங்குபவரின் கை நீளம், கழுத்து உயரம், கன்ன எலும்பு, எந்தக் கண்ணால் குறி பார்க்கிறார் என்பதெல்லாம் அளந்து பிடங்கு கடையப்படுகிறது. தோளில் வைத்ததும் குழல் கண்ணுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். குறி தேட நேரமில்லாத வேட்டைக்கு இந்தப் பொருத்தம் பெரும் பலம். உதையும் தோள் முழுக்கப் பரவிப் போகிறது.

கைவேலையையும் சொல்ல வேண்டும். இரண்டு குழலும் ஒரே இடத்தில் குண்டை விழுத்துவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. நுகத்தில் பூட்டிய இரட்டை மாடு ஒரே சாலில் நடப்பது போல அவை நடக்க வேண்டும். வேலைக்காரர் சுட்டுப் பார்க்கிறார். குண்டுகள் விலகினால் குழல்களின் வாயை இணைக்கும் ஈயப்பற்றை இளக்கி, நடுவிலுள்ள ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடி பற்ற வைத்து மறுபடி சுடுகிறார். இரண்டும் சேரும்வரை இது நடக்கும். யந்திரம் இன்றுவரை இந்த வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குறைகள்

அந்தக் கைவேலையே முதற் குறையும். அந்தக் குழல்கள் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கும் பழக்கப்பட்டவை. தோட்டாவின் மருந்தோ குண்டின் எடையோ மாறினால் இரண்டும் பிரிந்து போகும். கடைகளில் அந்தத் தோட்டா தீர்ந்துபோனால், பக்கத்து ஊரில் கிடைக்கும் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்க முடியாது.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்கியது. கரிமருந்துக்குப் பிறகு வந்த புகையில்லா மருந்தான கோர்டைட், சூட்டில் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். லண்டன் குளிரில் சேர்ந்து விழுந்த குண்டுகள் சித்திரை வெயிலில் அப்படி விழும் என்று நம்ப முடியாது. அழுத்தம் மிஞ்சினால் சுட்ட தோட்டாவின் வெறுங்கோது உள்ளேயே இறுகி வெளியே வர மறுக்கும். அதனால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்ய வேண்டியிருந்தது. போட்டிக் கம்பனியான ரிக்பி 1911இல் கொண்டுவந்த .416 தோட்டாவின் பெரிய கோதுக்குக் காரணமும் அதுதான். கோதுக்குள் இடம் கூடினால் அழுத்தம் குறையும்.

சட்டமும் குறுக்கே வந்தது. இந்திய அரசு 1907ஆம் ஆண்டளவில் .450 அளவுத் துவக்குகளின் இறக்குமதியைத் தடை செய்தது. பழைய இராணுவத் துவக்குகளுக்கு அந்தத் தோட்டாவின் பாகங்கள் உதவிவிடும், கலகக்காரர் கைக்குப் போகும் என்ற பயம். வேட்டைக்காரருக்கு மிகப் பிடித்த அளவு அது. ஹொலண்ட் .465 என்ற புது அளவைச் செய்தது, மற்றக் கம்பனிகள் .470, .475 என்று போயின. லண்டன் பட்டறைகளில் இத்தனை அளவுகள் பெருகியதற்கு விலங்கு காரணமல்ல, காலனி அரசின் அச்சமே காரணம். அந்தப் பல அளவுகளுக்கு இன்று தோட்டா தேடுவது பெரும்பாடு.

உப்புக்காற்று இன்னொன்று. பழைய தோட்டாக்களின் தீமூட்டி வெடித்ததும் குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். வாவிக்கரையின் ஈரக்காற்றில் அந்த உப்பு ஒரே இரவில் துருவாகும். எண்ணெய் மட்டும் போட்டால் போகாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகு எண்ணெய் போட வேண்டும். வேட்டை முடிந்து களைத்து வந்த இரவில் இதைச் செய்யாமல் படுத்தால், சித்திரம் செதுக்கிய வெளிப்புறம் பளபளக்க, உள்ளே குழல் பாழாகும்.

எடை குறைந்த மாதிரித் தெரியும், ஆனால் பெரிய அளவுகளில் குறையவேயில்லை. 1988இல் ஹொலண்ட் கொண்டுவந்த .700 அளவு ரைபிள் எட்டுக் கிலோவைத் தாண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் பேக்கரின் 21 இறாத்தலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம்.

கடைசியில் விலை. புது ரோயல் இரட்டைக்குழல் ரைபிள் ஒன்றின் விலை ஒரு லட்சம் பவுணைத் தாண்டும். நம் காசில் நான்கு கோடி ரூபாயளவு. ஆணை கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும்.

விலை குறைந்த துவக்குகள் செய்தது

இந்த விலைக்கு ஏற்ற பலன் உண்டா? வேட்டைப் புத்தகங்களில் நம் வாசகர் அதிகம் அறிந்த இருவரை எடுத்துக்கொள்வோம்.

ஜிம் கோர்பெட் 1907இல் குமாவுனில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டபோது அவர் கையிலிருந்தது .500 அளவு கோர்டைட் ரைபிள். நல்ல துவக்கு. ஆனால் அவர் கொண்டுபோனது மூன்றே தோட்டா. மூன்றும் முடிந்தது, புலி விழவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துவக்கை இரவல் வாங்கினார். குழலுக்கும் அடிக்கும் இடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு அது தளர்ந்திருந்தது. புலியின் திறந்த வாயைக் குறி வைத்த குண்டு பாதத்தில் பட்டது. அந்தப் புலியின் கதையும் அத்துடன் முடிந்தது. அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் கோர்பெட்டுக்குக் கொடுத்தது .275 ரிக்பி. இழுத்துத் தள்ளும் மௌசர் பொறியோடு வந்த, எடை குறைந்த துவக்கு. பிற்காலத்து ஆட்கொல்லிகள் பலவற்றுக்கு அவர் தூக்கிப்போனது அதைத்தான்.

கென்னத் அன்டர்சன் பெங்களூரில் இருந்தவர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தவர். அவர் வைத்திருந்தது அமெரிக்காவின் .405 வின்செஸ்டர். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட லீவர் துவக்கு. எவருடைய தோளுக்கும் அளவெடுக்காதது.

எதிரே பாய்ந்து வரும் யானைக்கும் காட்டெருமைக்கும் முன்னால் இரட்டைக்குழல் ரைபிளுக்கு இணையில்லை. அந்த ஒரு கணத்துக்காகவே அது செய்யப்பட்டது. ஆட்கொல்லியைத் தேடுபவனுக்கு அந்தக் கணம் அபூர்வம். அவனுக்கு நாட்கணக்கான நடையும் பொறுமையும் ஊராரின் தகவலும்தான் முதல் ஆயுதம்.

புனானையும் படுவான்கரையும்

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. தன்னாமுனையிலிருந்து வடமேற்கே, பொலன்னறுவை வீதியில் இருக்கிறது புனானை. 1920களில் அங்கே ஒரு சிறுத்தை மனிதரைத் தின்னத் தொடங்கியது. குறைந்தது 12 பேர் பலியானார்கள். 1924இல் ஷெல்டன் ஏகர் என்ற தேயிலைத் தோட்டத்துரை அதைச் சுட்டார். பாடம் செய்யப்பட்ட அந்தச் சிறுத்தை கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிறிஸ்டோபர் ஒண்டாச்சி பின்னாளில் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

சுட்டவர் துணிச்சல்காரர், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை மாதம் போயிருக்கும்? உலகத்தின் மிகச் சிறந்த ரைபிள்கள் அப்போது மலைநாட்டுப் பங்களாக்களில் சுவரில் தொங்கின. புனானைத் தெருவில் வண்டி ஓட்டியவனிடம் அவை இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டத்தின்படி எந்தத் துவக்குக்கும் அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு எங்கள் பக்கத்தில் துவக்கு வைத்திருந்தவர் பெரும்பாலும் வயல் சொந்தக்காரரான போடியார்தான். அவருடைய வயலில் இரவுக் காவல் இருந்த முல்லைக்காரனுக்குத் தீவெட்டியும் தகரமும்தான்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். துவக்கு நன்றாக இருந்ததால் காடு நன்றாக இருந்ததா? பதுளையில் அரச அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக, இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் பதிவு செய்கிறார். ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இலங்கை ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கூடக் கொம்பன் கிடையாது. ஆகவே அது தந்தத்துக்காகச் சுட்டதும் அல்ல. யானை கொன்றவருக்கு அரசு பரிசுப் பணம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வடக்கின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அந்தப் பணம் போனது என்று அதே டெனன்ட் எழுதுகிறார். 1937இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காட்டில் மிஞ்சியதைத்தான் காக்க முடிந்தது.

இந்த ரைபிளின் நிறைகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். இரண்டாவது வெடி சுடுபவன் உயிரைக் காக்கிறது. அளவெடுத்த பிடங்கு சுடுபவன் தோளைக் காக்கிறது. சத்தமில்லாத பொறி சுடுபவன் இருக்குமிடத்தை மறைக்கிறது. வயலைக் காப்பது, ஊரைக் காப்பது, விலங்கை வீணாகக் கொல்லாமல் இருப்பது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கருவி என்ற வகையில் ஹொலண்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். காட்டோரம் வாழ்பவனின் பிரச்சினைக்கு அது பதில் அல்ல, ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தப் பதில் கிடைக்காத இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் இடியன் என்ற நாட்டுத் துவக்கும் கட்டுத்துவக்கும். குழாயை மரத்தில் கட்டி, மருந்தும் சன்னமும் இடித்து, விலங்கு நடக்கும் பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார். பன்றிக்கு வைத்தது யானையின் முழங்காலில் படுகிறது. உடனே சாகாது. காலில் சீழ் பிடித்து, குளத்தடியில் நின்று, நாட்கணக்கில் சாகும். விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், தேன் எடுக்கப் போனவர் காலிலும் அது படுகிறது. இலங்கையில் அண்மைக்கால ஆண்டுகளில் நானூறளவு யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் ஆண்டுதோறும் யானை-மனித மோதலில் இறக்கிறார்கள். யானைகளின் சாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று துவக்கு வெடி.

லண்டன் துவக்குக்குப் பின்னால் ஒரு மனிதனாவது நின்றான். என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விசையைத் தொட்டான். கட்டுத்துவக்குக்குப் பின்னால் எவரும் இல்லை. நான்கு கோடி ரூபாய்த் துவக்குக்கும் நாலாயிரம் ரூபாய்க் குழாய்க்கும் உள்ள வித்தியாசங்களில் நமக்கு முக்கியமானது இது ஒன்றுதான்.

படுவான்கரையில் பெரும்போகம் விதைக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். யானை வேலியையும் காவல் ஆட்களையும் யானை வெடியையும் கேட்டு அதிகாரிகளை நெருக்குங்கள், அது உங்கள் உரிமை. வட்டைக்குப் போகும் பாதையில் முழங்கால் உயரத்தில் கம்பி இழுத்திருப்பதைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிப் போய், அன்றைக்கே பொலிஸுக்கோ வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். வைத்தவர் சொந்தக்காரராக இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்து அந்தப் பாதையால் வரப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

(தொடரும்)